டவுட் கிளியர் ஆயிடுச்சா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டாவது படிக்கும் என் மகள் அறிவியல் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இது சரியா வரலையே" என்றாள். நோட்டில் இருந்தது நாம் எல்லோரும் பள்ளியில் பார்த்த பழைய சோதனைதான். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். கொஞ்ச நேரத்தில் சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். கீழே விளக்கம்: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். அது எரிந்து தீர்ந்துவிட்டதால் அந்த இடத்தை நிரப்பத் தண்ணீர் ஏறுகிறது.

அவள் வீட்டிலேயே செய்து பார்த்திருக்கிறாள். பிறந்தநாள் கேக்கில் வைக்கிற சின்ன மெழுகுவர்த்தி ஒன்றை வைத்தால் கொஞ்சம் ஏறுகிறது. மூன்று வைத்தால் நிறைய ஏறுகிறது. "டம்ளர் அதேதான், உள்ள இருக்கற காத்தும் அதேதான். அப்போ ஆக்ஸிஜனும் அதே அளவுதானே இருக்கும்? மூணு வச்சா மட்டும் ஏன் அதிகமா ஏறுது?"

வகுப்பில் கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் இப்ப வேண்டாம்மா, பரீட்சைக்கு இது போதும்" என்று பதில் வந்திருக்கிறது. எந்தப் பள்ளி என்பது முக்கியமில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இதே பதில்தான் வந்திருக்கும். அந்த ஆசிரியரைக் குறை சொல்வதற்காகவும் இதை எழுதவில்லை. நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், முடிக்க வேண்டிய பாடம் என்று நின்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்று காலை சமையலறையில் நானும் அவளும் ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தோம். உற்றுப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரிகிறது. சுடர் எரியும் வரை தண்ணீர் பெரிதாக ஏறுவதில்லை. அணைந்த பிறகுதான் சட்டென்று ஏறுகிறது. ஆக்ஸிஜன் தீரத் தீர ஏறுவதென்றால், எரியும்போதே சீராக ஏறியிருக்க வேண்டும். இரண்டாவது, டம்ளரைக் கவிழ்த்தவுடன் சில சமயம் விளிம்பு வழியாகக் குமிழிகள் வெளியே வருகின்றன. சுடரின் சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் ஏறுகிறது. மெழுகுவர்த்தி அதிகமானால் சூடு அதிகம், வெளியே போகும் காற்றும் அதிகம், ஏற்றமும் அதிகம்.

உண்மையில் உள்ளே ஆக்ஸிஜன் தீர்ந்துபோவதுகூட இல்லை. காற்றில் 21 சதவீதமாக இருப்பது சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். செலவான ஆக்ஸிஜனின் இடமும் காலியாக இருப்பதில்லை. மூன்று பங்கு ஆக்ஸிஜன் போனால் ஏறக்குறைய இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆக, தண்ணீர் சரியாக ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் அது பெரும்பாலும் தற்செயல்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு வந்திருக்காது. அன்று மாலை ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். பெரியம்மா 31 வருடம் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தி பெருமையாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பெரியம்மா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.

பிறகு, "எனக்கும் ஒரு தடவை அப்படி ஆச்சுடா" என்றார். "கடைசி பெஞ்சு வரைக்கும் தெரியணும்னு பெரிய மெழுகுவர்த்தியா வச்சேன். தண்ணி எக்கச்சக்கமா ஏறிடுச்சு. பசங்க சிரிச்சாங்க. தட்டு சரியில்லைன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

"அப்புறம் யார்கிட்டயாவது கேட்டீங்களா பெரியம்மா?"

"யார்கிட்ட கேக்கறது? ஹெச்.எம். கிட்ட கேட்டா, இதுகூடத் தெரியாமலா பாடம் நடத்தறீங்கன்னு ஆயிடும். டிரெய்னிங் போற இடத்துல கேட்டா, பக்கத்துல இருக்கறவங்க முறைப்பாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு. அப்படியே விட்டுட்டேன்."

ஒரு நல்ல கேள்வி ஒரு ஆசிரியரின் கைப்பையில் பணிக்காலம் முழுக்க இருந்து, ஓய்வும் பெற்றுவிட்டது. மாணவர்களின் ஐயத்தை வகுப்பில் எப்படிக் கையாள்வது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என நிறையப் பேர் எழுதுகிறார்கள். நானும் சில வருடங்களாக அதைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். பெரியம்மா சொன்னதைக் கேட்ட பிறகு என் கேள்வி மாறிவிட்டது. ஆசிரியரின் ஐயத்துக்கே இடம் இல்லாத ஒரு அமைப்பு, மாணவரின் ஐயத்துக்கு இடம் கொடுக்க அவருக்கு எப்படிச் சொல்லித்தரும்?

ஐயமும் திரிபும்

முதலில் வார்த்தையைப் பார்ப்போம். நம் வகுப்பறைகளில் 'டவுட்' என்றால் என்ன பொருள்? "டவுட் இருந்தா கேளுங்க", "டவுட் கிளியர் ஆயிடுச்சா?" என்று சொல்லும்போது, ஆசிரியர் சொன்னதில் உனக்குப் பிடிபடாமல் போன பகுதி என்றுதான் பொருள். விடை ஏற்கெனவே இருக்கிறது, உன்னிடம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அடைத்த குழாயைச் சுத்தம் செய்கிற மாதிரி. என் மகள் கேட்டது அந்த வகை அல்ல. அவளுக்கு ஆசிரியர் சொன்னது நன்றாகவே புரிந்திருந்தது. கண்ணால் பார்த்ததோடு அது ஒத்துப்போகவில்லை. இந்த இரண்டுக்கும் நாம் ஒரே வார்த்தையைப் பயன்படுத்துகிறோம், ஒரே மருந்தைக் கொடுக்கிறோம்.

தமிழில் இதைவிட நுணுக்கமான பிரிவு பழங்காலம் தொட்டே இருக்கிறது. 'ஐயந்திரிபறக் கற்றல்' என்று பேச்சுவாக்கில் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஐயம் வேறு, திரிபு வேறு. தூரத்தில் நிற்பது மரக்கட்டையா மனிதனா என்று தெரியாமல் நிற்பது ஐயம். மரக்கட்டையை மனிதன் என்றே முடிவு கட்டிவிடுவது திரிபு. ஐயத்தில் இருப்பவன் இன்னும் நாலடி நடந்து போய்ப் பார்ப்பான். திரிபில் இருப்பவனுக்கு நடக்க வேண்டிய தேவையே இல்லை.

நம் அறிவியல் வகுப்பின் கோளாறு எனக்கு இங்கேதான் தெரிகிறது. ஐயத்துக்குப் பயந்து நாம் திரிபை வாங்கிக்கொள்கிறோம். மெழுகுவர்த்திச் சோதனையில் 'ஐந்தில் ஒரு பங்கு' என்ற விடை அப்படி வாங்கிய ஒன்று. மணி அடிப்பதற்குள் ஒரு விடை வேண்டும், அது எழுத்தில் இருக்க வேண்டும், மார்க் போட வசதியாக இருக்க வேண்டும்.

பெரியம்மா வீட்டிலிருந்து திருவானைக்காவல் நடக்கிற தூரம்தான். சர் சி.வி. ராமன் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த ஊர். ஆண்டுதோறும் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினத்தில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அவரைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. 'கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார், கண்டுபிடித்தார், நோபல் வாங்கினார்' என்று மூன்றே வரியில் முடிந்துவிடும். அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு விடை இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிக்கிறது என்பது ராலே பிரபு போன்ற பெரிய விஞ்ஞானியின் கருத்து. 1921-ல் கப்பலில் ஊர் திரும்பும்போது ராமன் ஒரு நிக்கல் பட்டகத்தைக் கண்ணருகே பிடித்து, கடலின் மேற்பரப்பிலிருந்து பிரதிபலித்து வரும் ஒளியை மறைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. அப்படியானால் பிரதிபலிப்பு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அங்கிருந்து 1928 வரை, ஏழு ஆண்டு வேலை. கதை அங்கேயும் முடியவில்லை. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதற்கு ராமன் முதன்மை கொடுத்தார். நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதுதான் கடல் நீலத்துக்கு முக்கியக் காரணம் என்று இன்று சொல்கிறோம். மூன்று வரிக் கதையில் விட்டுப்போனது, பெரிய மனிதர் சொன்ன விடையோடு ஒத்துப்போகாமல் அவர் இருந்த அந்த ஏழு வருடம். நம் பிள்ளைகளுக்கு அதுதானே வேண்டும்?

ஸ்கூட்டரில் வரும் அறிவியல்

திருச்சிக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. தமிழக அரசின் 'வானவில் மன்றம்' திட்டம் 2022 நவம்பர் 28 அன்று நம் மாவட்டத்தில், காட்டூர் பாப்பாக்குறிச்சி அரசுப் பள்ளியில் முதல்வர் மு.க. ஸ்டாலினால் தொடங்கி வைக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு நடமாடும் அறிவியல் ஆய்வகம். 25 கோடி ரூபாய், 13,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள், 700-க்கும் மேற்பட்ட கருத்தாளர்கள். சோதனைப் பொருட்களோடு இருசக்கர வாகனத்தில் பள்ளி பள்ளியாகப் போவார்கள்.

நல்ல திட்டம் என்றே நினைக்கிறேன். ஆய்வகமே பார்க்காத நடுநிலைப் பள்ளிப் பிள்ளை தன் கையால் லென்ஸைப் பிடித்துப் பார்ப்பது சின்ன விஷயமில்லை. எனக்கு இருக்கும் விமர்சனம் அதன் வடிவத்தைப் பற்றியது. சோதனை வெளியிலிருந்து வருகிறது, கருத்தாளர் செய்துகாட்டுகிறார், பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள், வண்டி அடுத்த ஊருக்குப் போகிறது. 13,000 பள்ளியை 700 பேரால் வகுத்துப் பாருங்கள், ஒருவருக்குக் கிட்டத்தட்ட 18 பள்ளி. ஒரு பிள்ளைக்குக் கேள்வி அவர் போன மறுநாள்தான் வரும். அப்போது வகுப்பில் நிற்பவர் பெரியம்மா மாதிரி ஒருவர். அவர் கையில் கிட்டும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. வியப்பை ஊருக்கு ஊர் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஐயத்துக்கு உள்ளூரிலேயே ஆள் வேண்டும்.

ஆசிரியர் பயிற்சி நடக்காமல் இல்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. வட்டார வள மையம், குறுவள மையம் என்று தமிழ்நாட்டில் கட்டமைப்பும் இருக்கிறது. பயிற்சி அடுக்கு அடுக்காக இறங்குகிறது. மாநில அளவில் சிலருக்கு, அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து வட்டாரத்துக்கு. மென்பொருளில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு இந்த அமைப்பு நன்றாகப் புரிகிறது. ஒரே கோப்பை ஆயிரம் கணினிக்கு அனுப்புவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் இந்தக் குழாயில் விடை மட்டும்தான் கீழே இறங்கும். கேள்வி மேலே ஏறுவதற்கு வால்வு இல்லை.

இந்தக் குழாய் வழியாகவே 'ஐயத்தைக் கையாளும் உத்தி'களும் இறங்கி வருகின்றன. உதாரணம், காத்திருக்கும் நேரம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு ஒன்று கண்டுபிடித்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, அவர்களே கேட்கும் கேள்வியும் கூடுகிறது. அருமையான கண்டுபிடிப்பு. நம் பயிற்சித் தாளில் அது 'மூன்று விநாடி காத்திருக்கவும்' என்று ஒரு வரியாகிவிடும். ஆனால் என்ன கேள்வி வந்துவிடுமோ என்று உள்ளூரப் பயப்படுபவருக்கு மூன்று விநாடி மூன்று மணி நேரம். உத்தியைச் சொல்லித்தந்துவிடலாம். பயத்தைப் போக்க ஒரு வரி போதாது.

ஹோஷங்காபாத்தில் நடந்தது

வேறு மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள், நம் நாட்டிலேயே. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி, ரசூலியாவின் ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் ஒரு அறிவியல் திட்டத்தை ஆரம்பித்தன. 1978-ல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982-ல் இதிலிருந்து 'ஏகலவ்யா' அமைப்பு உருவானது. 2002-ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தும் வரை 30 ஆண்டு ஓடியது.

'பால் வைக்ஞானிக்' என்ற அவர்களுடைய புத்தகத்தில் சோதனையும் கேள்வியும் இருக்கும், விடை இருக்காது. தேர்வுக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டே போகலாம், செய்முறையும் உண்டு. இதெல்லாம் பலருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது ஆசிரியர் பயிற்சி. கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் முகாம். ஆசிரியர்கள் மாணவர்களைப் போலவே குழுவாக உட்கார்ந்து, புத்தகத்தின் சோதனைகளைத் தாங்களே செய்ய வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகம், டாடா ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களிலிருந்து வந்த விஞ்ஞானிகள் கூட உட்கார்ந்திருப்பார்கள். ஒரு குழுவுக்கு வந்த அளவு இன்னொரு குழுவுக்கு வராது. ஏன் என்று வாதம் நடக்கும். பிறகு பள்ளி நடக்கும் காலத்தில் மாதாமாதம் அந்தந்தப் பகுதி ஆசிரியர்கள் கூடுவார்கள். வகுப்பில் எது சரியாக வரவில்லை, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று பேசுவதுதான் அந்தக் கூட்டம். அதுபோக, 'சவாலிராம்' என்று ஒரு கற்பனை ஆள். பிள்ளைகள் என்ன கேள்வி வேண்டுமானாலும் அவருக்குக் கடிதம் எழுதலாம். பதில் வரும்.

ஆசிரியர் ஒருவர் சக ஆசிரியர்கள் முன்னால் "எனக்கு வரலை, ஏன்னு தெரியலை" என்று சொல்லி, அதனால் மானம் ஒன்றும் போகவில்லை என்று அனுபவத்தில் தெரிந்துகொண்ட பிறகே வகுப்புக்குப் போகிறார். இதைத்தான் நான் பயிற்சி என்பேன். என் வேலையில் இது தினமும் நடப்பது. சர்வர் படுத்துவிட்டால், "தெரியலை, லாக் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பவனை யாரும் மட்டமாக நினைப்பதில்லை. தெரிந்த மாதிரி எதையோ சொல்லிவிட்டு இரவு முழுக்க எல்லோரையும் அலையவிடுகிறவனைத்தான் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். அந்த மரியாதையைப் பள்ளி ஆசிரியருக்கு மட்டும் நாம் ஏன் கொடுப்பதில்லை?

எதிர்வாதங்கள்

ஹோஷங்காபாத்தைக் கோயிலாக்கவும் எனக்கு விருப்பமில்லை. வெளியிலிருந்து வந்த ஆர்வலர்களை அது பெரிதும் நம்பியிருந்தது. மற்ற மாவட்டப் பிள்ளைகளோடு போட்டி போடும்போது எங்கள் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்ற பயம் அங்கே எழுந்தது. தமிழ்நாட்டில் 'நீட்' காலத்தில் அந்தப் பயம் பத்து மடங்கு இருக்கும். ஒரு அரசாணையில் மூடிவிட முடிந்தது என்பதே, அமைப்புக்குள் அது முழுதாக வேர் பிடிக்கவில்லை என்பதற்கு அடையாளம்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. வாட்ஸ்அப்பில் தடுப்பூசி முதல் நிலாப் பயணம் வரை எல்லாவற்றையும் சந்தேகப்படச் சொல்லித்தரும் காலம் இது. அறிவியல் வகுப்பிலும் "எதுவும் உறுதியில்லை" என்று ஆரம்பித்தால் என்ன ஆகும்? நியாயமான பயம். ஆனால் ஐயம் வேறு, எல்லாவற்றையும் மறுப்பது வேறு. மறுப்பவர் ஏற்கெனவே ஒரு முடிவில் இருக்கிறார். அதுவும் திரிபுதான். "எனக்குத் தெரியலை" என்பதோடு நிறுத்தாமல், "எப்படிச் சரிபார்க்கலாம்?" என்ற அடுத்த கேள்வியும் சேர்ந்து வந்தால்தான் அது வகுப்பறைக்கு உதவும். மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பார்க்கிற பிள்ளை வாட்ஸ்அப் செய்தியையும் ஒருநாள் அப்படித்தான் பார்ப்பாள் என்று நம்புகிறேன். ஐயம் கேட்டு வாயை மூடிக்கொண்ட பிள்ளைதான் யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடும்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. இருக்கிற குறுவள மையக் கூட்டத்திலேயே ஒரு மணி நேரம். முடிவை முன்கூட்டிச் சொல்லாத ஒரு சோதனை, செய்வது ஆசிரியர்கள். பயிற்சியாளர் விடையோடு வரக் கூடாது. அடுத்து ஒரு நோட்டு. அந்த மாதம் விடை தெரியாமல் நின்ற கேள்விகளை ஆசிரியர்கள் அதில் எழுத வேண்டும், பெயர் போடத் தேவையில்லை. திருச்சியில் அதை அனுப்ப இடத்துக்கா பஞ்சம்? துவாக்குடியில் என்.ஐ.டி., பாரதிதாசன் பல்கலைக்கழகம், 1844-ல் தொடங்கிய தூய வளனார் கல்லூரி என்று எத்தனை இயற்பியல், வேதியியல் துறைகள். மாதம் பத்துக் கேள்விக்கு அவர்கள் பதில் எழுதலாம், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதலாம். கடைசியாக, தேர்வில் ஒரே ஒரு கேள்வி: 'இது சரியா என்று எப்படிச் சோதிப்பாய்?' மார்க் அதற்கு இருந்தால்தான் வகுப்பில் நேரம் கிடைக்கும். இது கசப்பான உண்மை.

பயிற்சியின் வெற்றியை எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை கேள்வி திரும்பி வந்தது என்று எண்ணலாம். நோட்டு காலியாக இருந்தால் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. யாரும் இன்னும் நம்மை நம்பவில்லை என்று அர்த்தம்.

பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் வரும். கூடப் படிப்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தானே பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான். 13-ஆம் நூற்றாண்டுக் கணக்கு. நம் ஆசிரியர் பயிற்சி இன்னும் அந்த முதல் கால் பங்கிலேயே நிற்கிறது.

அடுத்த ஞாயிறு பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்ததும், "எங்கடி அந்தத் தட்டு?" என்றார். ஒரு மெழுகுவர்த்தி, இரண்டு, மூன்று என்று வரிசையாகச் செய்தார்கள். டம்ளரில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுக் குறித்துக்கொண்டார்கள். மூன்றாவது முடிந்ததும் பெரியம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணிக்குப் பதிலா தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி ஊத்தினா என்னடி ஆகும்? அது கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்குமே. இன்னும் கொஞ்சம் ஏறுமோ?"

பேத்தி என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. வீட்டில் சுண்ணாம்பு இல்லை. தெருமுனை வெற்றிலைக் கடைக்குக் கிளம்பினோம்.